எலியின் இதயமும் ஒரு தவறான பெயரும்



போன பதிவில் நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நிறைய பேர் படித்துவிட்டுத் தொலைபேசியில் பேசினீர்கள், சந்தோஷம். இன்றைய பதிவு நீளமானது. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள். கடைசிவரை படிக்க வேண்டும் என்பது டீச்சரின் வேண்டுகோள். ஏன் என்பது கடைசியில்தான் தெரியும்.

இந்தப் பொங்கலுக்கு என்னைப் பார்க்க ஒரு பழைய மாணவி வந்திருந்தாள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை என்னிடம் படித்தவள். இப்போது வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள், அதனால் போடவில்லை.

"என்னடி வேலை பாக்குற அங்க?" என்று கேட்டேன்.

"எலியோட இதயம் எப்படித் துடிக்குதுன்னு பாக்குறேன் டீச்சர்" என்றாள்.

"எலிக்கு இதயம் துடிச்சா நமக்கு என்னடி?" என்றேன் சிரித்துக்கொண்டே. அவள் சுவரில் இருந்த நாள்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் எனக்கு அவள் டீச்சர். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் பாடம் நடந்தது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து ஐந்தாம் வகுப்புவரை சொல்லிக்கொடுத்தவள், மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்குப் புரிந்த அளவில், உங்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

கதை ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் காக்ஸாக்கி என்று ஓர் ஊர். 1940களில் அந்த நாட்டைப் போலியோ, அதாவது இளம்பிள்ளை வாதம், ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. காக்ஸாக்கியில் கைகால் விளங்காமல் போன இரண்டு பிள்ளைகளின் மலத்தை எடுத்து, மாநில சுகாதாரத் துறையின் ஆல்பனி ஆய்வகத்தில் கில்பர்ட் டால்டார்ஃப் என்ற மருத்துவரும் கிரேஸ் சிக்கிள்ஸ் என்ற பெண்மணியும் சோதித்தார்கள். போலியோ ஆராய்ச்சிக்கு அப்போது குரங்குதான் வேண்டும். குரங்கோ விலை அதிகம். இவர்கள் சுண்டெலிக்கு ஊசி போட்டார்கள். வளர்ந்த எலிக்கு இல்லை, பிறந்து சில நாட்களே ஆன, தாயிடம் பால் குடிக்கிற குட்டிக்கு.

குட்டிகளின் கால் விளங்காமல் போயிற்று. ஆனால் அது போலியோ இல்லை. புதிதாக ஒரு வைரஸ். 1948இல் அறிவித்தார்கள். பெயர் வைக்க வேண்டும் அல்லவா? பிள்ளைகளின் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள்: காக்ஸாக்கி வைரஸ். ஒரு நல்ல ஊரின் பெயர் உலகமெங்கும் ஒரு நோயின் பெயராக நிலைத்துவிட்டது. இந்தப் பெயர் வைக்கிற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே வைரஸ், அதே ஊசி. பால்குடி மறக்காத குட்டிக்கு வந்த நோய் வளர்ந்த எலிக்கு வரவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடை கிடைக்கவே ஐம்பது ஆண்டுகள் ஆயின.

பிறகு காக்ஸாக்கி வைரஸ்களை 'ஏ' என்றும் 'பி' என்றும் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வருகிறதே, அது பெரும்பாலும் 'ஏ' கூட்டத்து வேலை. நம் கதை 'பி' கூட்டத்தைப் பற்றியது. அதில் ஆறு வகை. பலருக்கு அது வந்ததே தெரியாது, வெறும் சளிக்காய்ச்சல் போல வந்து போய்விடும். சிலருக்கு மட்டும் இதயத்தின் தசையில் போய் உட்கார்ந்து அழற்சியை உண்டாக்கும். கணையத்தையும் தாக்கும்.

இங்கே அவள் சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னாள். "1970லயே ஒரு சோதனை பண்ணிருக்காங்க டீச்சர். காக்ஸாக்கி பி வைரஸ் கொடுத்த எலிகள்ல சிலதை சும்மா விட்டுட்டு, சிலதை வெதுவெதுப்பான தண்ணியில நீந்த விட்டாங்க. நீந்தின எலிங்க இதயத்துல வைரஸ் பல நூறு மடங்கு பெருகிடுச்சு. சும்மா இருந்ததைவிட நீந்தினதுதான் அதிகமா செத்துது."

நான் எதுவும் பேசவில்லை. "காபி ஆறுது, குடி" என்று மட்டும் சொன்னேன். ஏன் பேசவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி கதையின் இரண்டாவது வைரஸ். குழந்தைகளுக்கு மூக்கின் பின்னால், தொண்டைக்கு மேலே சதை வளர்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள் அல்லவா? அதற்கு அடினாய்டு என்று பெயர். அறுவைசிகிச்சை செய்து எடுத்த அந்தச் சதையை 1953இல் அமெரிக்காவில் வாலஸ் ரோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பார்த்தார்கள். செல்கள் நன்றாக வளர்ந்தன. பிறகு யாரும் ஒன்றும் செய்யாமலே அழியத் தொடங்கின. உள்ளுக்குள் ஒரு வைரஸ் ஒளிந்திருந்தது. அடுத்த ஆண்டே மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி, ராணுவ முகாமில் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்த புதுச் சிப்பாய்களிடமிருந்து இதே இனத்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அடினாய்டில் கிடைத்ததால் அடினோவைரஸ் என்று பெயர்.

இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாதவை. ஒன்றின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ., மற்றதற்கு டி.என்.ஏ. காக்ஸாக்கி உருண்டையாக, மிகச் சின்னதாக இருக்கும். அடினோ அதைப்போல மூன்று மடங்கு அகலம், உடம்பிலிருந்து பன்னிரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முருங்கை விதை, மற்றது முள்சீத்தாப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் 1976இல் லோன்பெர்க்-ஹோம், குரோவெல், பிலிப்சன் என்ற மூன்று பேர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களின் மேல் முதலில் ஒரு வைரஸை நிறையக் கொட்டிவிட்டு, அடுத்ததைப் போட்டால் அதற்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை! பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இன்னொருவர் அந்த இருக்கையில் உட்கார முடியாது. அப்படியென்றால் இரண்டு வைரஸும் செல்லில் பிடித்துக்கொள்ளும் இடம் ஒன்றேதான்.

அந்த இடம் எது? அதைத் தனியே பிரித்து, அடையாளம் கண்டு, அதற்குரிய மரபணுவைப் படிக்க மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. 1997இல் ஜெஃப்ரி பெர்கெல்சன் என்பவரின் குழு மனிதச் செல்லில் அதைப் பிடித்தது. அதே ஆண்டு, 1976 ஆய்வில் இருந்த அதே பிலிப்சனின் குழு மனிதனிடத்திலும் சுண்டெலியிடத்திலும் அதைக் காட்டியது. 365 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். செல்லின் தோலில் குத்திவைத்த குண்டூசி போல, தலை வெளியேயும் வால் உள்ளேயும் இருக்கும். எலியிலும் மனிதனிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. எலியைப் படித்தால் நம்மைப் பற்றித் தெரியும் என்கிற நம்பிக்கை அதனால்தான்.

பெயர்? 'காக்ஸாக்கி-அடினோவைரஸ் ஏற்பி'. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கார்'. நாம் பெட்ரோல் போடுகிற கார் இல்லை.

பிலிப்சன் 1976இல் கேட்ட கேள்விக்கு 1997இல் விடை கண்டார் பாருங்கள். இருபத்தோரு ஆண்டுகள்! ஒரு தேர்வில் தோற்றதற்கு மனம் உடைந்துபோகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இதை எல்லாம் கேட்டதும் எனக்கு வந்த கேள்வி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்கக்கூடியதுதான்: "திருடன் வருவதற்கென்று யாராவது வீட்டில் ஒரு கதவு வைப்பார்களா? வைரஸ் நுழைவதற்காகவா உடம்பு ஒரு புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது?"

"அதான் டீச்சர் கேள்வி! அதுக்குத்தான் எலி" என்றாள்.

முதல் துப்பு 2001இல் கிடைத்தது. அதே பெர்கெல்சன் குழு, இந்தப் புரதம் செல்லில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தது. நம் குடலின் உள்பக்கம், மூச்சுக்குழாயின் உள்பக்கம் எல்லாம் செல்கள் செங்கல் அடுக்கினது போல நெருக்கமாக நிற்கும். ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே சந்து விட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும், வெளியே இருப்பது உள்ளே போகும். அதனால் பக்கத்துப் பக்கத்துச் செல்களை இறுக்கிக் கட்டுகிற இணைப்பு ஒன்று உண்டு. செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி. 'கார்' புரதம் அங்கேதான் இருந்தது! இந்தச் செல்லின் 'கார்', அடுத்த செல்லின் 'கார்' கையைப் பிடித்துக்கொள்கிறது. காலை வணக்கக் கூட்டத்திற்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது "பக்கத்துல இருக்கவங்க கையைப் பிடிச்சுக்கோ" என்போமே, அதுதான் அதன் வேலை.

அடுத்த ஆண்டு, 2002இல், அயோவாவில் ஒரு குழு கண்டது எனக்கு ஒரு துப்பறியும் கதை மாதிரி இருந்தது. அடினோவைரஸ் செல்லுக்குள் பெருகும்போது, தனக்குத் தேவையானதைவிட அதிகமாகக் குச்சிகளைச் செய்கிறது. ஏன் இந்த வீண் செலவு? அந்த உபரிக் குச்சிகள் வெளியே வந்து, செல்கள் கோத்திருக்கிற 'கார்' கைகளைப் பற்றிப் பிரித்துவிடுகின்றன. கை விலகியதும் சந்து திறக்கிறது. அந்தச் சந்து வழியாக வைரஸ் மூச்சுக்குழாய்க்குள் வந்து, அடுத்தவருக்குத் தொற்றக் கிளம்பிவிடுகிறது. உள்ளே நுழையப் பிடித்த அதே கையை, வெளியே தப்பிக்கவும் பயன்படுத்திக்கொள்கிறது.

சரி, இந்தக் கைகோப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதை அறிய ஒரே வழி, அந்த மரபணுவை நீக்கிப் பார்ப்பது. மனிதனிடம் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சுண்டெலியில் குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் நீக்கும் முறையை 1980களில் உருவாக்கியிருந்தார்கள். அதற்காகக் கபெச்சி, எவன்ஸ், ஸ்மிதீஸ் என்ற மூவருக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

2005இல் அமெரிக்காவில் ஒரு குழுவும் ஜெர்மனியில் ஒரு குழுவும் தனித்தனியாக 'கார்' மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கின. ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வரும். ஒரு பிரதி மட்டும் இல்லாத எலிகள் நன்றாகவே ஓடி விளையாடின. இரண்டும் இல்லாத ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரத்துக்கும் சற்றுக் குறைவு. 11ஆம் நாளுக்கும் 13ஆம் நாளுக்கும் இடையிலேயே கருவில் இறந்துபோயின. பிரித்துப் பார்த்தால் இதயத்தின் சுவர் சரியாக அமையவில்லை, ஆங்காங்கே தசைச் செல்கள் மடிந்திருந்தன, மார்புக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

வைரஸ் நுழையும் கதவு என்று உலகம் பெயர் வைத்த ஒன்று இல்லாவிட்டால், இதயமே உருவாகவில்லை.

இதற்கு அடுத்த ஆண்டு இன்னொரு குழு, இதயத் தசையில் மட்டும் இந்த மரபணுவை நீக்கியது. கருவின் 10ஆம் நாளையொட்டி நீக்கினால் கரு பிழைக்கவில்லை. ஒரே ஒரு நாள் தள்ளி நீக்கினால் குட்டி பிறந்து வளர்ந்தது. ஒரு நாள்தான் வித்தியாசம். 'பருவத்தே பயிர் செய்' என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அதற்கு இப்படி ஓர் உதாரணம் இருப்பது அப்போது தெரியவில்லை.

முதலில் கேட்ட கேள்விக்கு இங்கே விடை வருகிறது. கருவிலும் பிறந்த குட்டியிலும் உறுப்புகள் வேகமாக வளர்கின்றன. செல்லும் செல்லும் நிறையக் கைகோக்க வேண்டியிருக்கிறது. அதனால் 'கார்' புரதம் அப்போது ஏராளம். வளர வளரக் குறைகிறது. பால்குடிக் குட்டிகள் நோயில் விழ இது ஒரு காரணம். வளர்ச்சிக்குத் தேவையான ஒன்றே பிடிமானமாகிவிட்டது.

பெரிய எலிக்கு அது தேவையே இல்லையா? 2008இல் இரண்டு குழுக்கள் வளர்ந்த எலியின் இதயத்தில் இதை நீக்கிப் பார்த்தன. இதயத்தில் மேல் அறைகள் இரண்டு, கீழ் அறைகள் இரண்டு. மேலே துடிப்பு தொடங்கியதும் அந்தச் செய்தி நடுவில் ஒரு கணுவின் வழியாகக் கீழே போக வேண்டும். அப்போதுதான் கீழ் அறைகள் சரியான நேரத்தில் சுருங்கும். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து வகுப்பு வகுப்பாகச் சுற்றறிக்கை வரும் அல்லவா, அதுபோல. 'கார்' இல்லாத இதயத்தில் மேலே மணி அடித்தது, கீழே செய்தி தாமதமாகப் போனது, அல்லது போகவே இல்லை. மருத்துவர்கள் இதை 'ஹார்ட் பிளாக்' என்கிறார்கள். நம்மில் சிலர் இதற்காகத்தான் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறோம். கைகோத்து நிற்பதால்தான் ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குச் செய்தி போகிறது. கை விட்டுப்போனால் செய்தியும் நின்றுவிடுகிறது. என் மாணவி பார்க்கிற வேலையும் இந்தத் துடிப்புச் செய்தி சம்பந்தப்பட்டதுதான்.

2009இல் வேறு இரண்டு குழுக்கள், இதயத்தில் 'கார்' இல்லாத எலிகளுக்குக் காக்ஸாக்கி பி வைரஸைக் கொடுத்தன. இதயத்தில் அழற்சி வரவில்லை! பிடித்துக்கொள்ள இடம் இல்லாததால் வைரஸ் தோற்றது. அப்படியானால் அந்தப் புரதத்தை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்தால் மணிச் செய்தி போகாது. 2011இல் வளர்ந்த எலியின் உடம்பு முழுவதும் நீக்கிப் பார்த்தபோது குடல் உப்பியது, கணையத்தில் செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கியது, தைமஸ் சுரப்பி சிறுத்தது, இதயத் துடிப்பும் தடைப்பட்டது. 2012இல் கருவின் நிணநீர்க் குழாய்கள் அமைவதற்கும் இது வேண்டும் என்று தெரிந்தது. திருடனுக்குப் பயந்து வீட்டுச் சுவரின் சாந்தைச் சுரண்டி எறிய முடியுமா?

உங்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கொரோனா காலத்தில் நம்மில் பலர் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட கோவிஷீல்டு தடுப்பூசி, சிம்பன்சியின் அடினோவைரஸ் ஒன்றைப் பெருக முடியாதபடி மாற்றிச் செய்தது. அந்த வைரஸும் 'கார்' புரதத்தைப் பற்றிக்கொள்ளக் கூடியது என்று 2021இல் காட்டினார்கள். திருடனின் சாவியை வைத்தே மருந்தை வீட்டுக்குள் அனுப்பப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி நான் ஏன் அன்று பேசாமல் இருந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

1993. ஐந்தாம் வகுப்பு. அந்த வகுப்பில் படித்த உங்களில் பலர் இதைப் படிப்பீர்கள். நான் யாரைச் சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். நம் பள்ளியிலேயே வேகமாக ஓடக்கூடியவன். வீட்டுப்பாடம் கொண்டுவராத நாளெல்லாம் விதவிதமாகக் காரணம் சொல்வான். ஆடு நோட்டைத் தின்றுவிட்டது என்பான். தாத்தா பீடி பற்றவைக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டார் என்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே அவனுக்கு 'சாக்கு ராஜா' என்று பெயர் வைத்தேன். ஆமாம், அந்தப் பெயரை வைத்தது நான்தான். நீங்களும் அப்படியே கூப்பிட்டீர்கள்.

விளையாட்டு விழாவுக்கு முன்னால் நான்கு நாட்கள் காய்ச்சல் என்று வரவில்லை. விழா அன்று வந்தான். தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள் அவன்தான், அவன் இல்லாவிட்டால் நம் வகுப்புக்குக் கோப்பை இல்லை. என்னிடம் வந்து, "டீச்சர், நெஞ்சு ஒரு மாதிரி படபடன்னு வருது, நான் ஓடல டீச்சர்" என்றான்.

நான் சொன்னேன்: "உன் சாக்கெல்லாம் எனக்குத் தெரியும்டா. போய் நில்லு."

ஓடினான். ஜெயித்தும் கொடுத்தான். ஓடி முடித்துக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. களைப்பு என்று நினைத்து சர்பத் வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை அவன் வரவில்லை. பிறகு ஊரிலிருந்து நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதயத் தசையில் ஏதோ வைரஸ் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக அவன் அப்பா சொன்னார். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டான்.

அது எந்த வைரஸ் என்று அப்போது யாரும் சோதிக்கவில்லை. ஓடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்பதற்கும் யாராலும் விடை சொல்ல முடியாது. என் மாணவியிடம் பிறகொரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் அதைத்தான் சொன்னாள். "நீங்களே உங்களுக்குத் தண்டனை கொடுத்துக்காதீங்க டீச்சர்" என்றாள். ஆனால் நீந்தவிட்ட எலிகளின் கதை என் காதில் விழுந்த பிறகு தூக்கம் வராத இரவுகள் உண்டு. 1970இலேயே யாரோ கண்டறிந்து எழுதி வைத்திருந்த ஒன்று, இருபத்து மூன்று வருஷம் கழித்தும் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மைதானத்துக்கு வந்து சேரவில்லை.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. அவன் பொய் சொல்கிறவன் என்று நான் பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயர்தான் அன்று என் காதை அடைத்தது. வேறு எந்தப் பிள்ளை வந்து நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லியிருந்தாலும் நிழலில் உட்கார வைத்திருப்பேன்.

அந்தப் புரதத்துக்கும் அப்படித்தான் ஆயிற்று. அது செய்யும் வேலை தெரிவதற்கு முன்பே, அதனால் நேர்ந்த கேட்டை வைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு எலிகள் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தான், அது இதயத்தைக் கட்டி நிறுத்துகிற ஒன்று என்று தெரிந்தது. இன்றைக்கும் புத்தகங்களில் அதன் பெயர் வைரஸ் ஏற்பிதான். புரதத்துக்கு அதனால் வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்கு உண்டு.

உங்களில் பதினேழு பேர் இப்போது ஆசிரியர்கள். பலருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். டீச்சர் உங்களிடம் கேட்பது இரண்டே இரண்டுதான்.

ஒன்று: காய்ச்சல் விட்ட பிள்ளையை உடனே ஓட, நீந்த, விளையாட அனுப்பாதீர்கள். உடம்பு முழுவதும் தேறட்டும். காய்ச்சலின்போதோ அதற்குப் பிறகோ நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், மயக்கம், அளவுக்கு மீறிய சோர்வு என்று எது இருந்தாலும் கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கோப்பை அடுத்த வருஷமும் வரும்.

இரண்டு: எந்தப் பிள்ளைக்கும் அவன் குறையை வைத்துப் பெயர் வைக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அவனுடைய அம்மா இன்னும் நம் ஊரில்தான் இருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். முப்பது வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் அன்னிக்கு ஜெயிச்சான்ல டீச்சர்?" என்று கேட்டார். "ஜெயிச்சாம்மா" என்றேன். உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த அந்தச் சான்றிதழை எடுத்துவந்து காட்டினார். அதில் என் கையெழுத்தில் அவனுடைய முழுப்பெயர் இருந்தது. எழிலரசன். வருகைப் பதிவேட்டில் தினமும் வாசித்த பெயர்தான். வகுப்பில் நான் அவனை அப்படி அழைத்ததாக ஒரு நாள்கூட நினைவில்லை.

அந்த வகுப்பில் படித்தவர்கள் பின்னூட்டத்தில் அவனைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். அவனுடைய பெயரைச் சொல்லி எழுதுங்கள். அவன் அம்மாவிடம் போய் வாசித்துக் காட்டுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்